கெஸ்ட் பிளேயரும் ஆடும் நேரமும்: டெல்டா சிறுவர் கால்பந்தில் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் என்று ஊர் ஊராகக் கால்பந்துப் போட்டி நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ், ஒரு ஆட்டம் தோற்றால் வெளியேறும் நாக்-அவுட். நோட்டீஸோடு சேர்ந்து இரண்டு சந்தேகங்களும் வரும்: வெளியூர்ப் பையனைச் சேர்க்கலாமா, என் பிள்ளையை இறக்குவார்களா? ஊரில் ஒரு சிறுவர் அணியை நடத்துவதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் இவை என் காதில் விழாத கோடை கிடையாது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதிலை எழுதி வைத்திருக்கிறேன்.

கெஸ்ட் பிளேயர்னு சொல்றீங்களே, அது யாரு சார்? காசுக்கு ஆடறவங்களா?

இல்லை. வேறு அணியில் பயிற்சி எடுக்கும் பையன் ஒரு போட்டிக்கு மட்டும் உங்கள் அணியின் பனியனைப் போட்டு ஆடினால் அவன் கெஸ்ட். போட்டி முடிந்ததும் தன் அணிக்கே போய்விடுவான். பெரிய கிளப்புகள் வீரரை லோனில் அனுப்புவது வேறு விஷயம். அதில் பதிவே மாறும், எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும். கெஸ்ட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது.

பெரியவர்கள் ஆடும் செவன்ஸில் பணம் கொடுத்து ஆள் இறக்குவது உண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி வருகிறது. சிறுவர் ஆட்டத்தில் பணம் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வெளி ஆள் சேர்க்க விதியில இடம் இருக்கா? போன தடவை எதிர் டீம்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க.

கால்பந்தின் 17 ஆட்ட விதிகள் மைதானத்துக்குள் நடப்பதைப் பற்றியவை. எந்தப் பையன் எந்த அணிக்கு ஆடலாம் என்பதை அவை சொல்லவில்லை, போட்டி நடத்துகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் ஒரு ஊரில் சரியானது அடுத்த ஊரில் தப்பாக இருக்கும். நோட்டீஸில் இல்லையென்றால் நான்கு விஷயங்களை முன்கூட்டியே கேளுங்கள்: எத்தனை கெஸ்ட் அனுமதி, ஒரு பையன் இரண்டு அணிக்கு ஆடலாமா, பெயர்ப் பட்டியலை எப்போது மூடுவார்கள், ஆட்சேபம் இருந்தால் எப்போதுக்குள் சொல்ல வேண்டும். போனில் கேட்டாலும் பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். மைதானத்தில் சண்டை மூள்வதெல்லாம் வாய்வார்த்தையை நம்பிப் போன இடத்தில்தான்.

பள்ளிக்கூடப் போட்டிகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. குறுவட்டப் போட்டி, பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுகள், 1960 முதல் நடக்கும் சுப்ரதோ கோப்பை, எதுவானாலும் அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளைதான் அந்தப் பள்ளிக்கு ஆட முடியும். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

நம்ம ஊர்லயே பதினஞ்சு பசங்க இருக்கானுங்க. எதுக்குங்க வெளி ஆளு?

பதினைந்து பேரும் வந்தால் தேவையே இல்லை. ஆனால் போட்டி நடப்பது மே மாதத்தில். ஒருத்தன் பாட்டி வீட்டுக்குத் திருத்துறைப்பூண்டி போயிருப்பான், ஒருத்தன் வீட்டில் அத்தை மகள் கல்யாணம், இன்னொரு தெருவில் காப்பு கட்டித் திருவிழா நடக்கும். போட்டிக்கு முதல் நாள் எண்ணினால் எட்டுப் பேர் தேறுவார்கள். பதினொருவர் ஆட்டம் என்றால் ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டமே நடக்காது. அப்போது இரண்டு பையன்களை அழைத்துக்கொள்வது நியாயம். இருக்கிற ஒரே கீப்பருக்கு விரலில் அடிபட்டிருந்தாலும் அப்படியே.

நியாயமில்லாத காரணமும் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் வந்திருக்கும்போது, கப் வேண்டும் என்பதற்காக வெளியிலிருந்து மூன்று பெரிய கால்களைக் கொண்டு வருவது. வருஷம் முழுக்கக் காலை ஐந்தரைக்கு எழுந்து பயிற்சிக்கு வந்தவன் அன்றைக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு நிற்பான். இதை நான் ஏற்பதில்லை. இது நடக்கிற அணியில் இரண்டு வருஷம் கழித்துப் பயிற்சிக்கு ஆள் வராது.

ஒரு கெஸ்ட் வந்தா என் பையனுக்கு அப்படி எவ்வளவுதான் நேரம் குறைஞ்சிடும்?

ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். செவன்ஸ் ஆட்டம், பாதிக்கு 20 நிமிடம், மொத்தம் 40. ஏழு இடம் என்றால் 280 நிமிடம். கீப்பர் கடைசிவரை நிற்கிறான் என்று 40-ஐக் கழித்தால் 240. மீதி பத்துப் பிள்ளைகள் முறை வைத்து ஆடினால் ஆளுக்கு 24 நிமிடம். இப்போது ஒரு கெஸ்ட் வந்து, வெளியே வராமல் முழு ஆட்டமும் ஆடுகிறான்: மற்றவர்களுக்கு 20. இரண்டு கெஸ்ட் அப்படி ஆடினால் 16. மூன்று பேர் என்றால் 12, அதாவது பாதி போய்விட்டது.

அதே மூன்று கெஸ்ட்டும் மற்ற பிள்ளைகளைப் போல முறை வைத்து இறங்கினால் பதின்மூன்று பேருக்கு ஆளுக்குப் பதினெட்டரை நிமிடம் வரும். ஆக நேரத்தைத் தின்பது கெஸ்ட் வந்ததைவிட அவன் வெளியே வராததுதான். முறைப் பாசனத்தில் தலைமடைக்காரர் மடையை அடைக்காமல் விட்டால் கடைமடை காய்கிற மாதிரி. கீப்பர் இல்லாத அணிக்கு ஒரு கீப்பர் கெஸ்ட்டாக வந்தால் யாருக்கும் ஒரு நிமிடம்கூடக் குறையாது என்பதையும் இந்தக் கணக்கிலேயே பார்க்கலாம்.

எல்லாப் பசங்களையும் சமமா இறக்கணும்னு ரூல் இருக்கா இல்லையா?

ஆட்ட விதியில் இல்லை. நம் ஊர்ப் போட்டி நோட்டீஸ்களிலும் இருக்காது. அணி தனக்குத் தானே வைத்துக்கொள்ள வேண்டிய விதி இது. எங்கள் அணியில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சமம், 14-க்குக் குறைந்தது பாதி ஆட்டம் என்று வைத்திருக்கிறோம். அதற்கு மேல், பயிற்சிக்கு ஒழுங்காக வருவதையும் கணக்கில் எடுப்போம். இதைப் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். மைதானத்தில் வந்து சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அமெரிக்காவுல இருக்கற என் தம்பி, அங்க ஒவ்வொரு புள்ளையும் பாதி ஆட்டம் ஆடியே ஆகணும்கறான். உண்மையா?

பாதி உண்மை. 1964-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு, எல்லாரும் ஆட வேண்டும் என்பதைத் தன் முதல் கொள்கையாகவே வைத்திருக்கிறது. அங்கே பதிவு செய்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும். பொழுதுபோக்காக ஆடும் மற்ற சில லீக்குகளிலும் இதே விதி இருக்கிறது. ஆனால் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் கிளப்புகளில் அந்த உத்தரவாதம் கிடையாது. அங்கேயும் பெற்றோர் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது இன்னொன்று. கெஸ்ட்டாகப் போகும் பிள்ளைக்கு அங்கே படிவம் இருக்கிறது, பெற்றோர் கையெழுத்தும் மருத்துவச் சம்மதமும் இல்லாமல் ஆட விட மாட்டார்கள். ஒரு வெள்ளைத்தாளில் நாமும் அதைச் செய்யலாம்.

ஒரு தடவை சப் பண்ணி வெளிய வந்த பையன் திரும்ப இறங்கலாமா?

பெரியவர்களின் அதிகாரப்பூர்வப் போட்டியில் முடியாது. சிறுவர் போட்டியில், நடத்துகிறவர்கள் அனுமதித்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் வெளியே வந்து உள்ளே போகலாம். ஆட்ட விதிகளே அதற்கு இடம் கொடுத்திருக்கின்றன. ரோலிங் சப் என்று கேட்டால் எல்லா அமைப்பாளர்களுக்கும் புரியும். மேலே போட்ட 24 நிமிடக் கணக்கு நடைமுறைக்கு வர வேண்டுமானால் இது இருந்தாக வேண்டும். அதனால் நோட்டீஸைப் படிக்கும்போது பரிசுத் தொகையைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். மூன்று சப் மட்டும், திரும்ப இறங்க முடியாது என்று போட்டிருந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகாமல் இருப்பதே நல்லது.

அரையிறுதியில சமமா இறக்கித் தோத்துட்டா யாரு பதில் சொல்றது?

இது கஷ்டமான கேள்விதான். நாக்-அவுட்டில் ஒரு ஆட்டம் போனால் மூட்டையைக் கட்ட வேண்டும், தோற்றால் எல்லாருடைய நேரமும் போகிறதே என்று கோச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் பதில் இது: முதல் சுற்றுகளில் சமமாக இறக்குங்கள், அரையிறுதி, இறுதியில் கோச்சுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள், ஆனால் வந்த பிள்ளை ஒருவன்கூட இறங்காமல் வீடு திரும்பக் கூடாது. எது எப்படி என்பதைப் பஸ் ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பதினோரு வயதுப் பையனுக்கு இது நன்றாகவே புரியும்.

நீங்களே போட்டி நடத்துகிறவர் என்றால், நான்கு நான்கு அணியாகப் பிரித்து லீக் வைத்து, அதற்கப்புறம் நாக்-அவுட்டுக்குப் போங்கள். ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. அது இருந்தால் வெளி ஆள் தேடும் பதற்றமே பாதி குறைந்துவிடும்.

என் பையன் ரெண்டு நாளும் பெஞ்சுலேயே உட்கார்ந்துட்டு வந்தான். கோச்சைக் கேட்கலாமா, கேட்டா பையனை ஒதுக்கிடுவாரா?

கேளுங்கள். ஆனால் ஆட்டம் முடிந்த சூட்டில், மற்ற பெற்றோர் முன்னால் வேண்டாம். ஒரு நாள் விட்டுப் பயிற்சி முடிந்த நேரத்தில் தனியாகப் போங்கள். “ஏன் சார் இறக்கல?” என்பதைவிட “இவன் இறங்கணும்னா எதுல தேறணும் சார்?” என்று கேட்டால் பதில் வரும். பந்தை வாங்கித் திரும்புவதில் மெதுவா, மூச்சு வாங்குகிறதா என்று ஒன்றிரண்டு விஷயம் சொல்வார். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் என்றால் அவனையே கேட்க விடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். பையன் முன்னால் கோச்சைப் பற்றித் தாழ்வாகப் பேச வேண்டாம், மறுநாள் அவன் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

உங்கள் பிள்ளை உட்கார்ந்திருந்தபோது உள்ளே ஆடியது கெஸ்ட் என்றால் கேள்வி மாறுகிறது. அப்போது மேலே சொன்ன நிமிடக் கணக்கைக் காட்டி, மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, அணி நடத்துகிறவர்களிடம் பேசுங்கள். இரண்டு தடவை மரியாதையாகக் கேட்டும் பதில் இல்லாவிட்டால், வேறு அணி பார்ப்பதில் தப்பே இல்லை.

பக்கத்து ஊர் டீம்ல என் பையனை கெஸ்ட்டா கூப்பிடறாங்க. அனுப்பலாமா?

முதலில் சொந்தக் கோச்சிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அதே நாளில் அவருக்கே ஆட்டம் இருக்கலாம், அடிபட்டுத் திரும்பினால் அடுத்த வாரம் அவருக்குத்தான் ஆள் குறையும். அவரிடம் சொல்லாமல் போய், போட்டோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்து தெரிந்தால் அந்த மனக்கசப்பு ஆற நாளாகும்.

அப்புறம் கூப்பிடுகிறவரைக் கேளுங்கள்: எந்த இடத்தில் ஆட வைப்பீர்கள், எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை ஆட்டம், யாரோடு போய் யாரோடு திரும்புவான், அடிபட்டால் யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது, எந்த ஆஸ்பத்திரி. கடைசி இரண்டுக்குத் தெளிவாகப் பதில் வராத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம். கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டார்கள் என்ற குறையும் வருகிறது. எவ்வளவு நேரம் என்று முன்பே கேட்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஒரு நல்லதும் இருக்கிறது. சொந்த அணியில் எப்போதும் பின்னால் நிற்கும் பையன், வேறு அணியில் நடுவில் ஆடிப் பார்க்கலாம். புது ஆட்களோடு பேசி ஆடப் பழகுவான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை போவதை நான் தடுப்பதில்லை.

பையனுக்குக் காசு குடுத்தா வாங்கலாமா? நல்லா ஆடறான்னு கொடுக்கறாங்க.

பஸ் செலவு, சாப்பாடு, பனியன் சரி. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் பேசினால் வேண்டாம். பதிமூன்று வயதில் கையில் ஐந்நூறு ரூபாய் வந்தால், பணம் வராத ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி அவனுக்குக் கசந்துவிடும். பணம் கொடுத்தவர்களும் முட்டி வலித்தாலும் ஆடு என்பார்கள்.

காலையில நம்ம டீமு, சாயங்காலம் கெஸ்ட்டா இன்னொரு டீமு. தாங்குவானா?

மே மாத டெல்டா வெயிலில் தாங்க மாட்டான். நாக்-அவுட்டில் ஜெயித்துக்கொண்டே போனால் ஒரே அணிக்கே ஒரு நாளில் மூன்று ஆட்டம் வந்துவிடும், அதற்கு மேல் இன்னொரு அணி வேண்டாம். கடலோரம், நாகப்பட்டினம் பக்கம், புழுக்கம் இன்னும் மோசம். தலைசுற்றல், குமட்டல், பேச்சில் குழறல் தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டு போய்ப் பனியனைக் கழற்றி உடம்பை நனைத்து விசிறுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

வெயில் கடுமையாக இருந்தால் ஒன்றரை முதல் மூன்று நிமிடம்வரை ஆட்டத்தை நிறுத்தி உடம்பைக் குளிர வைக்க ஆட்ட விதியிலேயே இடம் இருக்கிறது. நடுவரிடம் ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

பொம்பளப் புள்ளைங்க டீமுக்கு ஆளே சேர மாட்டேங்குது. அங்கயும் கெஸ்ட் வேண்டாங்கறீங்களா?

அங்கே நான் மாற்றிச் சொல்வேன். ஒரு ஊரில் நான்கு பெண்கள், பக்கத்து ஊரில் மூன்று பேர் என்றுதான் இருக்கிறார்கள். வலங்கைமானிலிருந்து இரண்டு, பாபநாசத்திலிருந்து இரண்டு என்று சேர்த்தால்தான் ஒரு அணியே அமையும். இவர்களை கெஸ்ட் என்று எண்ணவே வேண்டாம், கூட்டு அணி என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். அமைப்பாளர்களும் பெண்கள் பிரிவில் கெஸ்ட் எண்ணிக்கையைத் தளர்த்தினால் அணிகள் கூடும். கூடவே ஒரு அம்மாவோ ஆசிரியையோ கட்டாயம் போக வேண்டும். உடை மாற்ற மறைவிடமும் கழிப்பறையும் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

காரைக்கால் பையன் நாகப்பட்டினம் டீமுக்கு ஆடலாமா? எங்க மாமா புள்ளைதான்.

ஊர் அமைப்புகள் நடத்தும் திறந்த போட்டியில், அவர்கள் சம்மதித்தால் ஆடலாம். நாகூர் தாண்டி வாஞ்சூர் வந்தாலே காரைக்கால்தான், பிள்ளைகள் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் ஆடுகிறார்கள். ஆனால் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம், அதற்குத் தனிக் கால்பந்துச் சங்கம். மாவட்டத் தேர்வு, மாநிலத் தேர்வு என்று வந்தால் அவன் புதுச்சேரிப் பக்கம்தான் போக வேண்டும்.

மயிலாடுதுறைக்காரர்களும் இதேபோல் கேட்கிறார்கள். 2020-ல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆகிவிட்டது. அண்ணன் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு ஆடினான் என்பதற்காகத் தம்பியும் அங்கே போக முடியாது. பள்ளிப் போட்டியில் பள்ளி இருக்கும் மாவட்டமே கணக்கு.

கெஸ்ட்டுனு வந்தவனுக்கு மீசை இருக்கு சார். அண்டர் ஃபோர்டீன்ங்கறாங்க. என்ன செய்யறது?

மீசையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டிலேயே வரும். பெயர்ப் பட்டியல் கொடுக்கும்போதே எல்லா அணிகளும் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், படம் ஒட்டிய பள்ளிச் சான்று கொடுக்க வேண்டும் என்று அமைப்பாளர்களைக் கேளுங்கள். வயதை எந்தத் தேதி வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதும் நோட்டீஸில் இருக்க வேண்டும், இரண்டு மாத வித்தியாசத்தில் ஒரு பிள்ளை வெளியே போய்விடும். சந்தேகம் இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன் எழுதிக் கொடுங்கள். அந்தப் பையனைக் கூட்டத்தில் நிறுத்தி விசாரிக்க வேண்டாம், கூட்டி வந்தது பெரியவர்கள்தான்.

வயதைக் குறைத்துச் சொல்லி ஆட வைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் இளையோர் போட்டிகளில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறார்கள். ஊரில் ஓடிய பொய் அங்கே நிற்காது. அதுவரை அவன் சின்னப் பிள்ளைகளை இடித்துத் தள்ளி ஆடிப் பழகியிருப்பான், சம வயதுக்காரனிடம் அது பலிக்காது.

கப் ஜெயிச்சா மெடல் பத்துதான் கொடுத்தாங்க. கெஸ்ட்டுக்கா, நம்ம பசங்களுக்கா?

பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாருக்கும். குறைகிறது என்றால் அணியே இரண்டு மெடல் வாங்கிக் கொடுங்கள், கடைத்தெருவில் கிடைக்கிறது. சுழற்கோப்பை அணியிடம் இருக்கும். சான்றிதழில் கெஸ்ட் பெயரையும் விடாதீர்கள். கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு இந்த ஊர்ப் போட்டிச் சான்றிதழ் உதவாது என்பதை மட்டும் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கெஸ்ட்டா வந்த பையன் அருமையா ஆடறான். நம்ம டீம்லயே நிரந்தரமா சேர்த்துக்கலாமா?

போட்டி நடக்கும்போது அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். ஆளைக் கொடுத்து உதவிய அணியிடமிருந்து ஆளையே எடுத்துக்கொண்டால் அடுத்த தடவை யாரும் உதவ மாட்டார்கள். பையனும் வீட்டாரும் தாங்களாக வந்து கேட்டால், அவன் கோச்சிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். ஏதாவது கிளப்பில் முறையாகப் பதிவாகியிருக்கிறானா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் ஒரு கிளப்பில்தான் பதிவு இருக்க முடியும், அங்கிருந்து விடுவித்த பிறகுதான் உங்கள் பட்டியலில் சேர்க்கலாம்.

அப்புறம் பஸ்ஸைப் பாருங்கள். நீடாமங்கலத்தில் வீடு, கும்பகோணத்தில் பயிற்சி என்றால் காலை ஆறு மணிக்கு அவனால் வர முடியுமா, சாயங்காலப் பயிற்சி முடிந்து எட்டு மணிக்குள் வீடு சேருவானா, அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பா? வாரத்தில் இரண்டு நாள் வர முடியும் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அவன் ஊர் அணியிலேயே ஆடட்டும், கோடையில் ஆள் குறையும்போது அழைத்துக்கொள்ளலாம்.